வன்னி முகவரிக்கு என்ன விலை? இருப்பிடமும் வாகனக் காப்புறுதியும்

கனடாவிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருக்கிற எவருக்கும் இந்தப் புலம்பல் பழக்கமானது. வீடு மாறினார்கள், கார் இன்சூரன்ஸ் ஏறிவிட்டது. கார் அதே கார், ஓட்டுகிறவர் அதே ஆள், இடையில் ஒரு விபத்தும் இல்லை. மாறியது தபால் குறியீடு மட்டும்தான். ரொறன்ரோ பக்கத்தில் பிரம்ரனும் ஸ்காபரோவும் கட்டணம் கூடிய இடங்களின் பட்டியலில் வழக்கமாக மேலே நிற்பவை. எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிற இடங்களும் அவற்றுள் அடங்கும். "நான் ஒழுங்காத்தான் ஓடுறன். என்ரை தெருவுக்கு ஏன் நான் காசு கட்ட வேணும்?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள்.

இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சியில் இருந்து கேட்கும்போது இது வேறு உலகத்துப் பிரச்சினை போலத் தெரியும். இங்கே காப்புறுதி போடப் போனால் வாகனம் என்ன வகை, எந்த ஆண்டு, என்ன பெறுமதி, சொந்தப் பாவனையா வாடகைக்கா, முன்பு நட்டஈடு எடுத்ததா என்றுதான் கேட்பார்கள். முகவரி கடிதம் அனுப்புவதற்கு. ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்கும் உரியதுதான். ஒன்று, எந்த மூலையில் எந்த வாகனம் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதெல்லாம் தரவாகச் சேர்கிற காலம் இது. மாவட்டம் பார்த்து விலை போடுகிற முறை இங்கேயும் வருவதற்குப் பெரிய தடை எதுவும் இல்லை. இரண்டு, இருப்பிடம் இப்போதே எங்கள் காப்புறுதியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. விலையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதுவும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க முடியாது. எங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வருகிற பாதிப்புக்கு அது பொறுப்பு. எங்கள் வாகனத்துக்கே வருகிற சேதத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு மட்டும் உரிய தேர்வு என்று அதை நினைப்பவர்கள் வன்னியைப் பார்க்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியின் இரு பக்கமும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் கிளை திறந்தன. உழவு இயந்திரம், ஓட்டோ, பட்டா எனும் சின்ன லொறி, மோட்டார் சைக்கிள் என்று வீட்டுக்கு வீடு தவணையில் வாகனம் வந்தது. கடைசித் தவணை கட்டி முடியும்வரை ஃபுல் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது லீசிங்காரரின் நிபந்தனை. ஆகவே இங்கே காப்புறுதிக்குக் கட்டுகிற கட்டுப்பணம் நூறு ரூபாய் ஏறினாலும் அது மாதத் தவணையோடு போட்டி போடுகிற நூறு ரூபாய்.

சரி, காப்புறுதிக் கம்பனிகள் ஏன் இருப்பிடத்தைப் பார்க்க விரும்புகின்றன? அவர்கள் கணக்கு இரண்டே கேள்வியில் அடங்கும்: எத்தனை தடவை நட்டஈடு கேட்பார்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு போகும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெரிசலான நகரம் ஒன்றில் 1,000 கார். ஆண்டுக்கு 50 நட்டஈடு, ஒவ்வொன்றும் சராசரி ஒரு லட்சம் ரூபாய். மொத்தம் 50 லட்சம், காருக்கு 5,000. ஆள் குறைந்த மாவட்டம் ஒன்றிலும் 1,000 கார். அங்கே 20 நட்டஈடுதான், ஆனால் ஒவ்வொன்றும் மூன்று லட்சம். மொத்தம் 60 லட்சம், காருக்கு 6,000. விபத்து பாதிக்கும் குறைவு, செலவு கூட. நகரம் என்றால் விலை கூட, கிராமம் என்றால் குறைவு என்று நாங்கள் பேசிக்கொள்வது எப்போதும் பொருந்தாது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

கொழும்பில் உரசல், கண்ணாடி உடைதல், பின்னால் வந்து தட்டுதல் அதிகம். வன்னியில் வாகனம் குறைவு, வீதி நேர்கோடு, வேகம் கூட. அடிபட்டால் சின்னதாக அடிபடுவதில்லை. மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சி வரையான துண்டில் இரவில் ஓடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் தார் வீதிக்கு ஏறிப் படுத்துவிடும். தார் சூடாக இருக்கும், வயல் ஈரமாக இருக்கும், நுளம்பும் வீதியில் குறைவு. எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது கறுத்த மாடு தெரியாது. தெரியும்போது பிரேக் பிடிக்கத் தூரம் இருக்காது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை. ரயில் பாதை மறுபடி வடக்கே நீண்ட பிறகு பாதுகாப்பில்லாத கடவைகள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடும் வாகனமும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம்.

இதையெல்லாம் அடுக்கிவைத்தால், "அப்படியென்றால் வன்னிக்காரன் கூடக் கட்டுவதுதானே நியாயம்?" என்று ஒருவர் கேட்கலாம். நான் மறுப்பது இந்த இடத்தில்தான். மேலே சொன்ன ஆபத்தில் எது வீதியுடையது, எது வீட்டு முகவரியுடையது என்று பிரித்துப் பாருங்கள்.

முறிகண்டியில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கிற வாகனங்களில் பாதிக்கு மேல் வன்னி வாகனம் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற கொழும்பு வான், தெற்கிலிருந்து வருகிற சுற்றுலா பஸ், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி. ஏ9 வன்னியை ஊடறுத்துப் போகிறது, அதில் ஓடுகிறவர்கள் எல்லோரும் வன்னியில் படுத்து எழும்புகிறவர்கள் இல்லை. இருப்பிடம் பார்த்து விலை போடுகிற நாடுகளில் கணக்கு எடுப்பது வாகனம் இரவில் நிற்கிற முகவரியை. அந்த முறை இங்கே வந்தால், யாழ்ப்பாணத்து நெல்லியடியில் பதிந்த பஸ் மாங்குளத்தில் மாட்டை அடித்துவிட்டு நெல்லியடிக் கட்டணத்தையே கட்டும். முறிகண்டியில் இருந்து கிளிநொச்சிச் சந்தைக்கு மட்டும் போய்வருகிற மனிதர், அந்த மாடு படுக்கிற ஊரில் வீடு வைத்திருப்பதற்காகக் கூடக் கட்டுவார்.

இலக்கத் தகடும் இதே கதைதான். மாகாண எழுத்துகள் தகட்டில் இருந்த காலத்தில், வன்னியில் ஓடிய வாகனங்களில் பெருந்தொகையானவை மேல் மாகாணத்து டபிள்யூ.பி. எழுத்தோடுதான் ஓடின, கொழும்பில் பதிவான வாகனங்கள் என்பதால். பதிவான இடம், வீடு உள்ள இடம், ஓடுகிற இடம் மூன்றும் எங்கள் நாட்டில் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இன்னொரு சிக்கல், ஆள்தொகை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர், கிளிநொச்சியில் ஏறத்தாழ 1,13,000 பேர். காப்புறுதிக் கணிதத்தில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஒரு பிரிவின் விபத்து வீதத்தை 90 சதவீத உறுதியோடு, 5 சதவீதத்துக்கு மேல் பிசகாமல் சொல்ல வேண்டுமானால் அந்தப் பிரிவில் குறைந்தது 1,082 நட்டஈட்டுக் கோரிக்கைகள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகப் போக, பார்ப்பது ஆபத்தையா அந்த ஆண்டின் அதிர்ஷ்டத்தையா என்று பிரித்தறிய முடியாது. தனியொரு கம்பனியின் கையில் முல்லைத்தீவுக் கார்கள் எத்தனை இருக்கும்? ஒரு வெள்ளம், ஒரு பெரிய பஸ் விபத்து போதும், மாவட்டத்தின் கணக்கே தலைகீழாகிவிடும். அடுத்த ஆண்டு கட்டுப்பணம் ஏறும். அதற்கடுத்த ஆண்டு அமைதியாகப் போனால் விலை இறங்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதில் எங்களுக்குப் பயனுள்ள சில செய்திகள் இருக்கின்றன. இந்தியாவில் இரண்டாகப் பிரித்தார்கள். கட்டாயமான மூன்றாம் தரப்புக் கட்டணம் எஞ்சின் அளவைப் பார்த்து நாடு முழுவதற்கும் ஒன்று: 1,000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூனில் வந்த கட்டணம் 2,094 ரூபாய், சென்னையானாலும் ராமநாதபுரத்துக் கிராமமானாலும் அதுதான். சொந்தச் சேதத்துக்கான பகுதியில் மட்டும் இடம் வருகிறது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஒரு வலயம், மற்ற எல்லா இடமும் இன்னொரு வலயம். கரடுமுரடான பிரிவுதான். ஆனால் வலயம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஒரு தெருவையோ ஒரு சமூகத்தையோ தனியே பிடித்துத் தண்டிக்க முடியாது.

கலிபோர்னியாவில் மக்களே வாக்குப் போட்டார்கள். 1988 நவம்பரில் நிறைவேறிய 103ஆம் பிரேரணை, கார் கட்டுப்பணத்துக்கு முதன்மையான காரணிகள் மூன்று என்றது: ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டில் ஓடும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள். தபால் குறியீடு இவற்றுக்குப் பின்னால்தான் வரலாம். கம்பனிகள் விடவில்லை, வழக்குகளும் விளக்கங்களும் நீண்டன. தபால் குறியீட்டை உண்மையிலேயே பின்னுக்குத் தள்ளுகிற ஒழுங்குவிதி 2006இல்தான் வந்தது. பதினெட்டு ஆண்டு! மிச்சிகன் மாநிலம் 2019இல் சட்டம் போட்டு தபால் குறியீட்டைத் தடை செய்தது. டெட்ராய்ட் மக்கள் நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டணம் கட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஆனால் 'பிரதேசம்' என்ற பெயரில் இடத்தைப் பார்க்க அதே சட்டம் வழி விட்டது. கம்பனிகள் தபால் குறியீட்டை எடுத்துவிட்டு வேறு கோடு கீறின. பிரித்தானியாவில் 2022இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு காட்டிய விடயம் இன்னும் கசப்பானது. வெள்ளையர் அல்லாதோர் அதிகம் வாழும் பகுதிகளில் ஆண்டுக்கு 250 பவுண்டுக்கும் மேலாகக் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டது. எந்தக் கம்பனியும் விண்ணப்பத்தில் இனம் கேட்கவில்லை. முகவரியே அந்த வேலையைச் செய்துவிட்டது.

இதை வாசிக்கும் வன்னி மனிதருக்கு முகவரி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இருந்ததற்காகச் சோதனைச் சாவடியில் தனி வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. போர்க்காலத்தில் ஓமந்தையில் கோடு கீறி, அந்தப் பக்கம் ஒரு நாடு இந்தப் பக்கம் ஒரு நாடு என்று வைத்திருந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது காப்புறுதி என்பது பேச்சுக்கும் வராத சொல்லாயிற்று. 2009இல் புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் விட்டுவிட்டு ஓடிய வாகனங்கள், மோட்டார் சைக்கிளில் இருந்து பஸ் வரை, துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சதமும் நட்டஈடு கிடைக்கவில்லை. போரும் உள்நாட்டுப் போரும் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாகவே விலக்கப்பட்டவை.

அந்தப் போர்க்காலத்திலேயே அரசு வேறொன்றும் செய்தது. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு 1980களின் கடைசியில் ஒரு பொது நிதியை உருவாக்கியது. அது இப்போது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கையில் இருக்கிறது. உங்கள் காப்புறுதிச் சிட்டையை எடுத்துப் பாருங்கள், அதற்கென்று தனியாக ஒரு தொகை இருக்கும். தனிக் கம்பனி தாங்க முடியாத ஆபத்தைத் தீவு முழுவதும் பகிர்ந்து தாங்கலாம் என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இடத்தோடு தொடர்பில்லாதது போலத் தெரிகிற நோ கிளெய்ம் போனஸைக்கூடக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விபத்தில்லாமல் ஆண்டுகள் போகப் போகக் கழிவு ஏறும், நல்ல முறைதான். ஆனால் இருபது ஆண்டு வன்னிக்குள் லொறி ஓட்டியவர் 2010இல் முதல் காப்புறுதி போட்டபோது அவர் கையில் பதிவு எதுவும் இல்லை. கொழும்பில் அதே வயதுக்காரர் உச்சக் கழிவில் இருந்தபோது இவர் பூச்சியத்தில் இருந்து தொடங்கினார்.

இனி, இருப்பிடம் இப்போதே வேலை செய்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோ மாங்குளத்துக்கு இப்பால் இரவு மாட்டில் அடித்தது. முன் சில்லு மடங்கிவிட்டது, ஆளுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். கம்பனியின் அவசர இலக்கத்துக்கு எடுத்தார். "வாகனத்தை அசைக்காதீர்கள், எங்கள் ஆள் வந்து பார்ப்பார்" என்றார்கள். ஆள் வர வேண்டியது வவுனியாவில் இருந்து. இரவு அவர் வரவில்லை. தம்பி வீதியோரம் ஓட்டோவுக்குள்ளேயே விடியும்வரை இருந்தார், உதிரிப்பாகம் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில். காலையில் படம் எடுத்தார்கள். பிறகு கம்பனி ஏற்றுக்கொள்ளும் கராஜ் யாழ்ப்பாணத்தில் என்றார்கள். இழுத்துக்கொண்டு போகிற செலவில் ஒரு பகுதிதான் பத்திரத்தில் இருந்தது. பாகம் கொழும்பில் இருந்து வரும்வரை உழைப்பில்லை. லீசிங் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது.

கொழும்பில் இதே ஓட்டோ அடிபட்டிருந்தால் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து, அந்த இடத்திலேயே தொகையைப் பேசி முடித்திருப்பார். கட்டுப்பணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், வாங்குகிற சேவை ஒன்றில்லை. நியாயமான விலை பற்றிய விவாதத்தில் இந்தப் பக்கத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

என் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் ஒன்றுண்டு. எல்லோருக்கும் ஒரே விலை என்றால் ஆபத்துக் குறைந்தவர் ஆபத்துக் கூடியவரின் செலவைச் சுமக்கிறார். அது மட்டுமில்லை, வன்னிக்காரரே அப்படிச் சுமக்கிறவராக இருக்கலாம். இங்கே நெரிசல் இல்லை, சின்ன உரசல்கள் குறைவு, ஒழுங்கைக்குள் ஓடுகிற வாகனங்கள் பல. மாவட்டக் கணக்குப் போட்டால் எங்களுக்கு விலை குறையவும் கூடும். அப்படியிருந்தும் அதை நான் விரும்பவில்லை. மாவட்டத்தைப் பார்த்துக் கொடுத்த கழிவை அதே மாவட்டத்தைப் பார்த்துத் திருப்பி எடுக்கலாம், நாங்கள் ஓட்டுகிற விதம் எதுவும் மாறாமலே. குறைவாக ஓடுகிறவருக்குக் குறைந்த கட்டணம் வேண்டுமென்றால், ஓடிய தூரத்தைப் பார்க்கட்டும். இரவில் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு ஆபத்துக் கூட என்றால், அந்தப் பாவனையைப் பார்க்கட்டும், வாகனம் வவுனியாவுடையதா காலியுடையதா என்ற பேதமில்லாமல். சட்டம் கட்டாயப்படுத்துகிற மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இருப்பிடம் எட்டியும் பார்க்கக் கூடாது. கட்டாயம் என்று எல்லோரையும் வாங்க வைத்துவிட்டு ஊருக்கொரு விலை வைப்பது சரியில்லை.

அப்புறம், மாடும் கடவையும் இருட்டும் வாகனக்காரரின் குற்றமில்லை. கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுகிற அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கிறது. கடவைக்குப் படலை போட வேண்டியது ரயில்வே திணைக்களம். வட்டுவாகலில் ஒற்றை வாகனம் போகிற ஒடுங்கிய பாலத்தை நந்திக்கடல் ஓரத்து மக்கள் கட்டவில்லை. இவற்றின் செலவைக் கட்டுப்பணத்தில் ஏற்றினால், சரி செய்யக்கூடியவருக்கு ஒரு நோவும் வராது. சரி செய்ய முடியாதவர் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டிருப்பார்.

காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. விபத்து அறிவித்ததில் இருந்து மதிப்பீட்டாளர் வர எத்தனை மணி நேரம், பணம் கைக்கு வர எத்தனை நாள் என்பதை மாவட்ட வாரியாக, கம்பனி வாரியாக வெளியிடச் சொல்லலாம். விலைக்காக மாவட்டக் கணக்கு எடுக்க முடிந்தவர்களுக்குச் சேவைக்காகவும் அதை எடுக்க முடியும்.

அதுவரை, புதுப்பிக்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் சில விடயங்களைக் கேட்டுவிடுங்கள். வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா? பல பத்திரங்களில் அதைத் தனியாகக் காசு கட்டித்தான் சேர்க்க வேண்டும். இழுத்துச் செல்லும் செலவு எவ்வளவு தூரத்துக்குக் காணும்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அவர்கள் ஏற்கிற கராஜ் எது? இரவு விபத்தென்றால் படம் எடுத்து அனுப்பிவிட்டு வாகனத்தை அகற்றலாமா? காப்புறுதித் தொகை இன்றைய சந்தை விலைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு வாகன விலை எகிறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள், ஆனால் பழைய பெறுமதியிலேயே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வருகிற பத்திரங்கள் இன்னும் ஏராளம். வாகனம் 40 லட்சம் பெறும்போது 20 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஒரு லட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு ஐம்பதாயிரம்தான் வரும் என்று சொல்லிவிடலாம். பதில்களை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் எழுத்தில் வாங்குங்கள். கம்பனியோடு இழுபறி என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்கிற முறைப்பாட்டு விசாரணையாளரிடம் முறையிடலாம், அங்கே உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும்.